பொன்மஞ்சள் கென்மோர்: பழைய டிரையர் ஒன்றைச் சரிசெய்த அனுபவம்

நன்றாகப் பராமரித்த பழைய இயந்திரம் ஒன்று கைக்கு வந்தால், எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். துணி காயவைக்கும் இந்த டிரையரில் அந்த ஆசையை அடக்கிக்கொண்டேன். எது உழைத்துத் தேய்ந்திருக்கிறது, எது சும்மா இருந்தே கெட்டிருக்கிறது, எது இன்னும் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே பாகங்கள் வாங்கினேன்.

ஓஹையோவில், கொலம்பஸ் பக்கத்தில், ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் கிடைத்தது. கென்மோர் பெயர் போட்ட 29 அங்குல அகல மின்சார டிரையர். கூடவே ஒரு பிளாஸ்டிக் உறையில் கையேடும் 1974-ஆம் ஆண்டுக் கடை ரசீதும் இருந்தன. நிறம் ஹார்வெஸ்ட் கோல்ட். அந்தக் காலத்து அமெரிக்கச் சமையலறைகளில் அடுப்பு, ஃபிரிட்ஜ் என்று எங்கும் இருந்த மஞ்சள், கிட்டத்தட்ட அறுவடைக்கு நிற்கும் நெல்லின் நிறம். மேல்மூடியின் பீங்கான் பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. பஞ்சு வடிகட்டியின் வலை கிழியாமல் இருந்தது. அதைப் பார்த்ததுமே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்தவர் மற்றதையும் கவனமாகத்தான் வைத்திருந்திருப்பார்.

கென்மோர் என்பது ஸியர்ஸ் என்ற அமெரிக்கக் கடை தன் சாதனங்களுக்கு வைத்த பெயர்; ஸியர்ஸ் சொந்தமாகத் தயாரித்ததில்லை. மாடல் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்தால் யார் செய்தது என்று தெரிந்துவிடும். 110 என்று தொடங்கினால் வேர்ல்பூல். இதுவும் 110தான். வேர்ல்பூலின் பெரிய டிரையர் தொழிற்சாலை இங்கிருந்து வடக்கே மேரியன் ஊரில் இருக்கிறது. இந்த 29 அங்குல வடிவமைப்பு 1960-களின் பிற்பாதியில் வந்து, சின்னச் சின்ன மாற்றங்களோடு பல பத்தாண்டுகள் ஓடியது. அதனால் ஐம்பது வருடப் பழைய இயந்திரத்துக்கும் பெல்ட், உருளை, ஹீட்டர் காயில் எல்லாம் இன்றைக்கும் சுலபமாகக் கிடைக்கின்றன. பழைய டிரையர் வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அழகைப் பார்க்கும் முன்னால் பாகம் கிடைக்குமா என்று பாருங்கள்.

ஓட விட்டுக் கேட்டதில் மூன்று குறைகள் தெரிந்தன. தொடங்கியதும் சில நிமிடங்களுக்கு ‘தடக் தடக்’ என்று ஒரே சீரான சத்தம், சூடேறியதும் தானாக அடங்கிவிடுகிறது. அடியிலிருந்து அவ்வப்போது ஒரு கீச்சொலி. மூன்றாவது, துணி காய்ந்ததும் தானே நிற்க வேண்டிய ஆட்டோ முறையில் வைத்தால் ஜீன்ஸ் இடுப்புப் பட்டியில் ஈரம் இருக்கும்போதே ஓட்டம் முடிந்துவிடுகிறது. நிமிடக் கணக்கில் வைத்தால் காய்கிறது, ஆனால் நேரம் பிடிக்கிறது.

திறப்பது சிரமமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வடிகட்டியை வெளியே எடுத்தால், அந்தப் பொந்தின் ஓரத்தில் இரண்டு திருகுகள் தெரியும். அவற்றைக் கழற்றி, பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் தகட்டை மேல்மூடியின் முன்பக்க மூலைகளில் செருகி அழுத்தினால் உள்ளே இருக்கும் கிளிப் விடுபடும். மூடி கார் பானட் மாதிரி மேலே எழும்பும். முன்பலகைக்கு உள்பக்கம் மேலே இரண்டு திருகுகள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: டிரம்மின் முன்பக்கத்தைத் தாங்குவதே அந்தப் பலகைதான். அதை எடுக்கும்போது டிரம்மை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். கதவு சுவிட்சின் ஒயர்களையும் முதலில் கழற்றிவிட வேண்டும். அப்புறம் டிரம்மின் அடியில் கைவிட்டு, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னக் கப்பியைத் தளர்த்தினால் பெல்ட் மோட்டாரிலிருந்து கழன்று வரும். டிரம் முழுசாக முன்னால் வந்துவிடும்.

உள்ளே பஞ்சு இருந்தது. எவ்வளவு ஒழுங்காக வடிகட்டியைச் சுத்தம் செய்தாலும் மெல்லிய தூசி தப்பி வந்து மோட்டாரைச் சுற்றியும் ஹீட்டர் பெட்டியின் அடியிலும் படியத்தான் செய்யும். தீப்பிடிக்கக் கூடிய பொருள், சிவக்கச் சூடாகும் காயிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. வேறு எந்த வேலையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும். மென்மையான தூரிகையால் கிளறி விட்டு வேக்குவம் போட்டு எடுத்தேன். பஞ்சோடு சட்டைப் பொத்தான்களும் ஒரு கொண்டை ஊசியும் வந்தன.

‘தடக் தடக்’குக்குக் காரணம் பின்பக்க உருளைகள். டிரம்மின் பின்பகுதி இரண்டு ரப்பர் உருளைகள் மேல் உட்கார்ந்து சுழல்கிறது. இயந்திரம் பல மாதங்கள் ஓடாமல் நின்றபோது அத்தனை எடையும் ரப்பரின் ஒரே இடத்தில் அழுந்தி, அந்த இடம் தட்டையாகிவிட்டது. ஓட ஓடச் சூடேறி ரப்பர் இளகியதும் சத்தம் போய்விடுகிறது. இது உழைத்துத் தேய்ந்ததல்ல, சும்மா இருந்து கெட்டது. உருளைகளையும், அவற்றைப் பிடித்திருக்கும் முக்கோணப் பிளாஸ்டிக் வளையங்களையும் மாற்றினேன். பழைய வளையங்கள் தொட்டாலே உடையும் நிலையில் இருந்தன. அச்சுத்தண்டுகளில் தேய்மானம் இல்லை; மெல்லிய எஃகுப் பஞ்சால் துடைத்து, ஒரு துளி மோட்டார் எண்ணெய் விட்டதோடு சரி. ஸ்பிரே டப்பாவில் வரும் துரு நீக்கி எண்ணெயை அடித்துவிட்டால் சில வாரங்களில் காய்ந்து பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். அதை இங்கே பயன்படுத்தக் கூடாது.

கீச்சொலி வந்தது அந்தக் கப்பியிலிருந்து. அதற்கு ஆணியோ திருகோ கிடையாது. அடித்தகட்டின் பொந்துகளில் செருகி நிற்கிறது, பெல்ட்டின் இழுவைதான் அதை இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. இவ்வளவு எளிமையாக யோசித்தவரைப் பாராட்ட வேண்டும். புதிய கப்பியும் புதிய பெல்ட்டும் போட்டேன். பெல்ட் கால் அங்குல அகலம், 92¼ அங்குல நீளம், சென்டிமீட்டரில் சுமார் 234. வரிப்பள்ளங்கள் இருக்கும் பக்கம் டிரம்மைத் தொட வேண்டும். பழைய பெல்ட்டில் அந்தப் பள்ளங்களின் குறுக்கே விரிசல்கள் இருந்தன. இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும்தான், ஆனால் திறந்தாகிவிட்ட பிறகு அதை விட்டுவைப்பதில் அர்த்தமில்லை.

டிரம்மின் ஓரம் உரசும் கம்பளி வளையத்தில் முன்பக்கம் மட்டும் ஓரிடத்தில் ஒட்டு விட்டிருந்தது. சூடு தாங்கும் பசையால் ஒட்டினேன். பின்பக்க வளையத்தைத் தொடவில்லை.

அடுத்து ஈரமான ஜீன்ஸ். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதலில் ஹீட்டர் காயிலை அளந்தேன். 240 வோல்ட்டில் 5400 வாட் என்றால் சுமார் 22.5 ஆம்பியர், கணக்குப்படி மின்தடை 10.7 ஓம் அளவில் இருக்க வேண்டும். மீட்டர் பத்துக்கு மேல்தான் காட்டியது. காயிலுக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையில் தொடர்பு எதுவும் இல்லை. காயில் நலம். இந்த ஊர் டிரையர்களில் ஹீட்டருக்கு 240 வோல்ட், மோட்டாருக்கு 120 வோல்ட். பிரேக்கரின் இரண்டு பாதிகளில் மோட்டாருக்குப் போகாத பாதி போனால் டிரம் சுற்றும், சூடு மட்டும் வராது. அதையும் பார்த்தேன், இரண்டு பக்கமும் சரியாக இருந்தன.

பிறகு வெளியேற்றும் குழாயைக் கழற்றிவிட்டு ஓட விட்டேன். காற்று தடையின்றிப் போயும் அதே குறை. அப்படியானால் குழாயில் அடைப்பில்லை. காற்று வெளியேறும் வாயில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சுமார் 155 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 68 டிகிரி செல்சியஸில், ஹீட்டரை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து மின் இணைப்பை மூடித் திறக்கும் சுவிட்ச்) 57 டிகிரியிலேயே நிறுத்திக்கொண்டிருந்தது.

ஆட்டோ முறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி புரிந்துவிடும். இந்த இயந்திரத்தில் ஈரத்தை அளக்கும் சென்சார் எதுவும் கிடையாது. துணி ஈரமாக இருக்கும்வரை, தண்ணீர் ஆவியாவதிலேயே வெப்பம் செலவாகிவிடும். வெளியேறும் காற்று குளிர்ந்தே இருக்கும். தெர்மோஸ்டாட் மூடியபடி ஹீட்டரை ஓட விடும். துணி காயக் காய காற்று சூடாகும், தெர்மோஸ்டாட் திறந்து ஹீட்டரை நிறுத்தும். டைமரின் குட்டி மோட்டாரை இணைத்திருப்பது அங்கேதான்: ஹீட்டர் நிற்கும் நேரத்தில் மட்டும் அது ஓடும். ஈரத் துணியில் டைமர் நகராது. காய்ந்த துணியில் ஹீட்டர் அடிக்கடி நிற்பதால் டைமர் நகர்ந்து நகர்ந்து முடிவுக்கு வரும். துணி காய்ந்ததா என்பதை ஒரு தெர்மோஸ்டாட்டும் ஒரு டைமருமே சேர்ந்து கண்டுபிடித்துவிடுகின்றன. எலெக்ட்ரானிக் பலகை எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது அந்தத் தெர்மோஸ்டாட் 57 டிகிரியிலேயே திறந்தால் என்ன ஆகும்? துணி பாதி காய்ந்தபோதே ஹீட்டர் நிற்கும், டைமர் நகர ஆரம்பித்துவிடும். மெல்லிய சட்டைகள் தப்பிக்கும். ஜீன்ஸ் இடுப்புப் பட்டி தப்பிக்காது.

மாற்றுத் தெர்மோஸ்டாட் வாங்கும்போது நான்கு முனை இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு முனை ஹீட்டர் இணைப்புக்கு. மற்ற இரண்டும் அதற்குள்ளேயே இருக்கும் பொடி ஹீட்டருக்கு. மெல்லிய துணி முறையைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பொடி ஹீட்டர் தெர்மோஸ்டாட்டை உள்ளிருந்தே சூடாக்கும். காற்று குறைவான சூட்டில் இருக்கும்போதே அது திறந்துவிடும். பின்பலகையின் உள்பக்கம் ஒட்டியிருந்த மின்சுற்றுப் படத்தை வைத்து ஒவ்வொரு ஒயராக மாற்றினேன். ஹீட்டர் முனையில் ஒரு இணைப்பு பழுப்பேறித் தளர்ந்திருந்தது. அதை வெட்டிவிட்டு, அதிகச் சூடு தாங்கும் புதிய முனையை அழுத்திப் பொருத்தினேன். சாதாரண முனை போட்டால் மறுபடியும் கருகும். ஹீட்டர் பெட்டியின் மேல் இருக்கும் 250 டிகிரி ஃபாரன்ஹீட் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் நல்ல நிலையில் இருந்ததால் அப்படியே விட்டேன்.

பழையது பழையதாகவே இருக்க வேண்டும் என்ற கொள்கையை ஒரே இடத்தில் தெரிந்தே மீறினேன். இந்தக் காலத்து டிரையர்களில் ஊதுவிசிறியின் கூட்டில் ஒரு வெப்ப ஃபியூஸ் இருக்கும். 91 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எரிந்து மோட்டாரையே நிறுத்திவிடும். 1974-இல் அது இல்லை. தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்து மோட்டார் இணைப்பில் தொடராகச் சேர்த்தேன். வெளியே எதுவும் தெரியாது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். வீட்டில் எல்லாரும் தூங்கும்போது ஓடக்கூடிய இயந்திரம் என்பதால் இதில் எனக்கு இரண்டாவது யோசனை வரவில்லை.

மின்கம்பியும் மாறியது. பழைய பிளக்கில் மூன்று முள். 1996 மின்விதிகளுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் நான்கு துளைச் சாக்கெட். நான்கு முள் கம்பி போடும்போது, நியூட்ரலையும் இயந்திரத்தின் உலோக உடலையும் இணைக்கும் பழைய இணைப்பைக் கட்டாயம் கழற்ற வேண்டும். உடலுக்குப் பச்சை எர்த் கம்பி மட்டும்தான். இதை விட்டுவிட்டால் நியூட்ரலில் போகும் மின்சாரம் உடல் வழியாகவும் போகும். இந்த வேலையில் நிச்சயம் இல்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே நல்லது.

வெளித்தோற்றத்துக்கு அதிகம் செய்யவில்லை. முன்பலகையின் அடி ஓரத்தில் மட்டும் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதே நிறத்தில் தொட்டுப் பூசினேன். கிட்டே குனிந்தால் ஒட்டு தெரியும். முழுப் பலகைக்கும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் தெரியாது, ஆனால் ஐம்பது வருடம் கெடாமல் இருந்த பூச்சை மூட மனம் வரவில்லை. மற்ற இடங்களில் சோப்புத் தண்ணீர், அதன் மேல் கார் மெழுகு. டைமர் பலகையின் எழுத்துகளை மட்டும் ஈரத் துணியால் லேசாக ஒற்றி எடுத்தேன்; அழுத்தித் தேய்த்தால் அச்சு போய்விடும், திரும்பக் கிடைக்காது.

பொருத்தும்போது குழாயைப் புதிதாகப் போட்டேன். 4 அங்குல உலோகக் குழாய், ஒரே ஒரு வளைவு. சுருங்கி விரியும் பிளாஸ்டிக் குழாயை டிரையருக்கு ஒருபோதும் போடக்கூடாது. அதன் மடிப்புகளில் பஞ்சு தங்கும், தீப்பிடித்தால் குழாயும் சேர்ந்து எரியும். இங்குள்ள வீட்டுக் கட்டட விதிகள் 35 அடி நீளம் வரை அனுமதிக்கின்றன, ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் 5 அடி கழித்துக்கொள்ள வேண்டும். என்னுடையது அதில் பாதிகூட வரவில்லை.

வெப்பமானியோடு சோதித்ததில் 67, 68 டிகிரியில் ஹீட்டர் நிற்கிறது. கனமான துண்டுகளும் ஜீன்ஸும் கலந்து ஆட்டோவில் போட்டேன். டைமர் நெடுநேரம் அசையாமல் நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நின்றது. இடுப்புப் பட்டி, பாக்கெட்டின் உள்துணி, துண்டின் தையல் ஓரம் எல்லாம் காய்ந்திருந்தன. தொடங்கும்போது சத்தமே இல்லை, டிரம் சுழலும் மெல்லிய ஓசையும் காற்றின் இரைச்சலும்தான்.

இன்னும் பாக்கி இருப்பது டைமர் குமிழில் ஒரு மெல்லிய விரிசல். பின்பக்கமாக எபாக்ஸி வைத்து ஒட்டலாமா, அல்லது இதே மாடலின் பழைய குமிழ் ஒன்று கிடைக்கும்வரை காத்திருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை குமிழை இழுக்காமல், ஓரத்தைப் பிடித்துத் திருப்பச் சொல்லி வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.