இருக்கைக்கு எத்தனை யூரோ?

ரோம் நகரின் நவோனா சதுக்கத்தில் ஒரு காப்பிக்கு ஏழு யூரோ கொடுத்த எரிச்சல் ஊர் திரும்பியும் அடங்கவில்லை. அதே காப்பியைக் கடைக்குள் நின்றபடி குடித்திருந்தால் ஒன்றரை யூரோவோடு முடிந்திருக்கும். வெளியே நாற்காலி போட்ட இடத்தில் அமர்ந்தால் விலை வேறு என்பது இத்தாலியில் எல்லோரும் அறிந்த வழக்கம். விலைப்பட்டியலைப் பார்க்காமல் உட்கார்ந்தது என் தவறுதான். ஆனால் அந்த நீண்ட சதுக்கத்தில் கல் இருக்கைகள் எல்லாம் நிரம்பியிருக்க, கால் கடுத்தவன் வேறு எங்கே போவான்? சற்றுத் தொலைவிலுள்ள ஸ்பானியப் படிக்கட்டிலோ, 2019 முதல் உட்கார்ந்தாலே அபராதம்.

ஏழு யூரோவுக்கு ஈடாகக் கண்ணுக்குக் கிடைத்ததையும் சொல்லிவிட வேண்டும். சதுக்கம் என்று பெயரே தவிர, நவோனா சதுரமானதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய அரங்கின் மேல் எழுந்ததால், அது அந்த அரங்கைப் போலவே நீண்டு, ஒரு முனையில் வளைந்து கிடக்கிறது. நடுவே 1651இல் சிற்பி பெர்னினி முடித்த நான்கு நதிகளின் நீரூற்று. அதில் கங்கையைத் தேடிக் கண்டுபிடித்தபோது சிரிப்பு வந்தது: கையில் நீண்ட துடுப்புடன், தாடி வைத்த ஆணாக அமர்ந்திருக்கிறாள் நம் கங்கை!

வாடிகனின் புனித பேதுரு சதுக்கம் வேறு வகை. 284 தூண்கள் நான்கு வரிசையாக வளைந்து நிற்கின்றன. தரையில் பதித்த ஒரு வட்டக் கல்லின் மேல் நின்று பார்த்தால் நான்கு வரிசையும் ஒரே வரிசையாக ஒடுங்கிவிடுகிறது. வியப்புத்தான், ஆனால் அது கூட்டத்தை நிறுத்தி வைப்பதற்கான இடமே ஒழிய, சாய்ந்து உட்காருவதற்கானதன்று. வெனிஸில் புனித மாற்கு சதுக்கத்துக்கு மட்டுமே சதுக்கம் என்று பொருள்படும் ‘பியாட்சா’ என்ற பட்டம். மற்றவையெல்லாம் வயல் என்று பொருள்படும் ‘காம்போ’. பழைய கிணறுகள் நடுவில் நிற்கும் அந்தக் காம்போக்களில் சிறுவர்கள் பந்து விளையாடுவதைக் காசில்லாமல் பார்க்கலாம். பெரிய சதுக்கத்திலோ, இசைக்குழு வாசிக்கும் நேரத்தில் காப்பிக் கணக்கில் இசைக்கும் தொகை சேர்கிறது. நான் எட்டி நின்றே கேட்டேன்.

என்னை வென்றது சியெனா நகரின் மையச் சதுக்கமான காம்போதான். சிப்பியைப் போல விரிந்து, நகர மன்ற மாளிகையை நோக்கிச் சரியும் அந்தத் தரையை, 14ஆம் நூற்றாண்டில் நகரை ஆண்ட ஒன்பதின்மர் குழுவின் நினைவாக ஒன்பது பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். மீன்முள் வரிசையாகச் செங்கல், இடையிடையே வெள்ளைக் கற்கோடு. வெயில் தாழ்ந்த பிறகும் செங்கல்லில் வெதுவெதுப்பு மிச்சமிருந்தது. தரையே சாய்மானமாக இருப்பதால் நாற்காலி தேவைப்படவில்லை. ஊரே அங்கே மல்லாந்து கிடந்தது. என் தண்ணீர்ப் புட்டியின் மூடி கைநழுவி, மழைநீர் வடியும் வாய் வரைக்கும் உருண்டோட, ஒரு சிறுமி காலால் மிதித்து நிறுத்தி, எடுத்து வந்து கொடுத்தாள்.

மூன்று யூரோ ரொட்டியுடன் அங்கேயே படுத்திருந்ததில், ஃபுளோரன்ஸ் திரும்பும் கடைசிப் பேருந்து போய்விட்டது. அன்றிரவு விடுதி அறைக்கு எழுபது யூரோ. இலவச இருக்கைக்கு அதுதான் நான் கொடுத்த விலை. அதற்காக மட்டும் எரிச்சல் வரவில்லை.