கட்டிப்போட்டிருந்த படகை மறுபடியும் கடலுக்குத் தயார் செய்த கதை

பினாங்கில் பாய்மரப் படகைத் துறையில் கட்டிப்போட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். திரும்பி வந்து அதைப் பெருங்கடலுக்குத் தகுதியாக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று தமிழில் நான் எங்கேயும் படித்ததில்லை. அதனால் நாங்கள் செய்ததை எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது 38 அடி ஃபைபர் படகு, ஒற்றைப் பாய்மரம். மாமியார் படுக்கையில் விழுந்தபோது தஞ்சோங் தோக்கோங்கில் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறையில் கட்டிவிட்டு கோலாலம்பூருக்குப் போனோம். அவரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டு, காரியங்களை எல்லாம் முடித்த பிறகுதான் நானும் என் கணவரும் ரயிலேறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் தீவுக்கு வந்தோம். போக நினைத்திருப்பது திருகோணமலைக்கு. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி வங்காள விரிகுடாவைத் தாண்டி இங்கே வந்தவர். அதே கடலைப் பாய் விரித்துக் கடக்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை.

தூரம் ஏறக்குறைய 1,150 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் போனால் பத்து நாள் ஆகும். எப்போது கிளம்புவது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம், ஏப்ரல், மே மாதங்களில் மறுபடியும் புயல். நடுவில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று சீராக வீசும், மேற்கே போகிறவர்களுக்கு அதுதான் நல்ல நேரம். எங்கள் வேலைகளை எல்லாம் அந்தக் காலத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டோம்.

உள்ளே பூஞ்சை. மெத்தை உறை, அலமாரிக் கதவு, கயிறு எல்லாவற்றிலும் பச்சையும் கறுப்புமாகப் படர்ந்திருந்தது. வினிகர் போட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்தால் போய்விடும். பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கும், படகை மூழ்கடிக்கிற விஷயம் அது இல்லை.

கணவர் எழுதிய பட்டியலில் புது சோலார் பேனலும் ஃப்ரீசரும் மேலே இருந்தன. நான் அவற்றைக் கீழே இறக்கினேன். தண்ணீர் உள்ளே வரக்கூடாது, பாய்மரம் சாயக்கூடாது, சுக்கான் வேலை செய்ய வேண்டும். இந்த மூன்றும் உறுதியாகும் வரை வேறு எதற்கும் காசு எடுப்பதில்லை என்று பேசி முடிவு செய்தோம்.

லுமுட்டுக்குக் கொண்டுபோய்ப் படகைக் கரையில் தூக்கி வைத்தோம். அடியில் சிப்பி ஓடுகள் கெட்டியாகப் பிடித்திருந்தன. அதைச் சுரண்டி, சிப்பி பிடிக்காத பெயின்ட் அடித்து, மற்ற உலோகங்கள் அரிக்காமல் காக்கத் தாமே கரைந்துபோகும் துத்தநாகக் கட்டிகளை மாற்றுவது வழக்கமான வேலை. முக்கியமான வேலை வால்வுகளில்தான். கழிவறைக்கும் சமையலறைத் தொட்டிக்கும் என்ஜின் குளிரூட்டலுக்கும் படகின் அடியில் துளைகள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு வால்வு காக்கிறது. அந்த வால்வு வெண்கலத்தில் இருப்பது நல்லது. பித்தளையாக இருந்தால் உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிடும், மிஞ்சுவது பஞ்சு மாதிரியான செம்பு. கணவர் கத்தி முனையால் ஒவ்வொன்றையும் சுரண்டிப் பார்த்தார். மற்றவை மஞ்சளாகப் பளபளத்தன, சமையலறைத் தொட்டியின் வால்வு மட்டும் ரோஜா நிறத்தில் இருந்தது. சுத்தியலால் லேசாகத் தட்டியதும் விளிம்பு உதிர்ந்து கையில் வந்தது. நடுக்கடலில் அது உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடம்பு நடுங்கியது. எல்லாவற்றையும் வெண்கலமாக மாற்றி, உடைந்தால் துளையை அடைக்க ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதன் அளவுக்கு ஒரு மர ஆப்பைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம்.

அடுத்து பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பி வடங்கள். துருப்பிடிக்காத எஃகுதான், ஆனால் கீழ்முனையில் கம்பியை அழுத்திப் பொருத்திய குழாய்க்குள் உப்புநீர் தேங்கி, உள்ளிருந்து வெடிப்பு விடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வடங்களைச் சோதிக்கப் பட்டர்வொர்த்திலிருந்து வந்த தம்பி அதன் மேல் சிவப்புச் சாயத்தைத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பவுடரை ஸ்ப்ரே செய்தார். "அக்கா, இங்க வந்து பாருங்க." வெள்ளையின் மேல் முடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு மெதுவாக ஊறி வந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டோம். எல்லாமே ஒரே வயது என்றார். பத்து வருடம் தாண்டிய வடங்களைக் காப்புறுதி நிறுவனங்களும் பொதுவாக ஏற்பதில்லை. எல்லாவற்றையும் மாற்றினோம். செலவில் பாதி அதற்கே போனது. அந்தப் பணத்தை நினைத்து எனக்குத் துளி வருத்தம் இல்லை.

டீசலைப் பற்றி மலேசியாவில் படகு வைத்திருக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பம்பில் கிடைக்கும் டீசலில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து வருவது. அது ஈரத்தை இழுக்கும். டாங்கியின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சேறாகிவிடும். அலை ஆட்டும்போது அந்தச் சேறு கிளம்பி வடிகட்டியை அடைக்கும், வேண்டிய நேரத்தில் என்ஜின் நின்றுவிடும். டாங்கியைத் திறந்து முழுக்கச் சுத்தம் செய்து, புது டீசல் ஊற்றினோம். கடல்நீர் பம்பில் இருக்கும் ரப்பர்ச் சக்கரமும் ஓடாமல் கிடந்ததால் இதழ்கள் வளைந்து அப்படியே இறுகிவிட்டிருந்தன. புதிது போட்டு, உபரியாகவும் வாங்கி வைத்தோம்.

மலாக்கா நீரிணையில் இடி மின்னல் அதிகம். மேகம் கறுத்தால் கையடக்க ஜிபிஎஸ்ஸையும் ரேடியோவையும் அடுப்பின் ஓவனுக்குள் வைத்து மூடிவிடுவேன். உலோகப் பெட்டி என்பதால் மின்னல் தாக்கினாலும் அவை தப்பிக்க வாய்ப்பு உண்டு.

சாமான் வாங்கியது சௌரஸ்தா சந்தையிலும் லிட்டில் இந்தியாவிலும். அட்டைப்பெட்டி எதையும் படகில் ஏற்றவில்லை, அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். அரிசியில் காய்ந்த மிளகாய் போட்டு டப்பாவில் அடைத்தேன். கிளம்பும் முன் புளிக்காய்ச்சல் நிறையக் கிளறிக்கொள்வேன். படகு சாய்ந்து ஓடும்போது நின்று சமைக்க முடியாது.

தயாரான பிறகு முக்கா முனையைச் சுற்றி ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பார்த்தோம். நான்கு மணி நேரம் ஒருவர் காவல், மற்றவர் தூக்கம். இந்தப் பக்கம் பெரிய கப்பல்களை விட மீன்பிடிப் படகுகள்தான் கவலை. பல படகுகள் மற்ற கப்பல்களைக் காட்டும் கருவியின் திரையில் தெரிவதில்லை, கண்ணால்தான் பார்க்க வேண்டும். முன்பக்க மேல் கதவு ஒழுகுவதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கதவின் ரப்பரையும் மாற்றியாகிவிட்டது.

இனி உயிர்காப்புத் தெப்பம் சர்வீஸிலிருந்து வர வேண்டும். இலங்கையில் நுழைய உள்ளூர் முகவர் வேண்டும், அவரிடம் பேசிவிட்டோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வந்த பிறகு துறைமுக அலுவலகம், குடிநுழைவு, சுங்கம் மூன்றிலும் வெளியேறும் அனுமதி வாங்கிக் கிளம்புகிறோம்.