பூதம் கத்தும் இடம்

பெங்களூரு அச்சகம் ஒன்றில், அச்சுக்கு முன் ஃபைலைச் சரிபார்க்கும் பிரீ-பிரஸ் வேலைக்கு வந்து 11 வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, மருந்துப் பெட்டி, கம்பெனி டைரி எதுவானாலும் பிளேட் போடும் முன் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஃபான்ட் விடுபட்டிருக்கும், படம் கம்ப்யூட்டர் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் இருக்கும், ஓரத்தில் வெட்டுவதற்கான 3 மில்லிமீட்டர் பிளீட் விட்டிருக்க மாட்டார்கள். பாதியை யாரிடமும் கேட்காமலே சரிசெய்துவிடுவேன். அப்படித்தான் கைப்பழக்கம்.

போன வருடம் அல்சூரிலிருந்து ஒரு பெண் 32 பக்கக் காமிக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தாள். பகலில் ஐடி வேலை, ராத்திரியில் படம். கதை, பென்சில், மை, கலர், எழுத்து எல்லாம் அவள் ஒருத்தியே. தமிழில் 500 பிரதி, சென்டர் பின் போதும் என்றாள். எனக்குச் சொந்த ஊர் சிவகாசி. முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வெளிவரும் ஊர். சின்ன வயதில் கைக்கு வந்த காசெல்லாம் அதற்குத்தான் போயிற்று. பெங்களூருவில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து தமிழ்க் காமிக்ஸ் போடுகிறாள் என்றதும் மனசு நிறைந்துவிட்டது.

கதையில் வருவது சிலப்பதிகாரத்துச் சதுக்க பூதம். புகாரில் நாற்சந்தியில் நின்றுகொண்டு பொய்ச்சாட்சி சொல்பவரையும் புறங்கூறுபவரையும் கயிறு வீசிப் பிடித்துத் தின்னுமே, அதே பூதம். அதன் குரல் நான்கு காதம் கேட்கும் என்று இளங்கோ சொல்கிறார். அந்தப் பூதத்தைக் கொண்டுவந்து, ஓசூர் ரோடும் அவுட்டர் ரிங் ரோடும் சந்திக்கும் சில்க் போர்டு ஜங்ஷனில் நிறுத்தியிருந்தாள். உடம்பு மதுரை யாளி மாதிரி வரிவரியாக, கண் மட்டும் களைத்துப்போன மனுஷக் கண்.

இதையெல்லாம் நான் பிறகுதான் கவனித்தேன். முதல் நாள் நான் பார்த்தது கதையை அல்ல, ஃபைலை. ஆறு இடங்களில் பேச்சு எழுதும் பலூன் காலியாக இருந்தது. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. எழுத்து வைக்க மறந்துபோன பலூன் என்று நானே முடிவுகட்டி, பின்னணி நிறத்தை இழுத்து மூடிவிட்டேன். ஆறுக்கும் சேர்த்து இருபது நிமிட வேலை.

மறுநாள் ப்ரூஃப் பார்க்க வந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். 14ஆம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“அண்ணா, பூதம் கத்துற இடம் எங்க?”

“காலியா இருந்துச்சும்மா. அதான் மூடிட்டேன்.”

“அது கத்துதுண்ணா. ஹாரன் சத்தத்துல யாருக்கும் கேக்கல. அதான் காலியா விட்டேன்.”

எனக்கு வாயடைத்துப் போனது. நான்கு காதம் கேட்ட குரல் நாலு அடி தள்ளி நிற்கும் ஆட்டோக்காரருக்குக் கேட்கவில்லை, கதையே அதுதான். அதன் உயிரைத்தான் இருபது நிமிடத்தில் துடைத்து வைத்திருந்தேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பெரிய பதிப்பகம் என்றால் எழுதுபவர் ஒருவர், வரைபவர் ஒருவர், எழுத்து வைப்பவர் ஒருவர்; இடையில் ஒரு எடிட்டர் காவல் இருப்பார். தனியாள் வேலைக்கு அந்தக் காவல் கிடையாது. அவளுக்கு அடுத்து அந்தப் பக்கங்களைத் தொடுகிற முதல் ஆள் நான். அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் 32 பக்கத்தையும் வாசகனாகப் படித்தேன், இரண்டு தடவை. அப்புறம்தான் மவுஸைத் தொட்டேன்.

திருத்த வேண்டியதும் இருந்தது. பூதத்தின் கருப்பு நிறத்தை நாலு மையும் நூற்றுக்கு நூறு என்று வைத்திருந்தாள், மொத்தம் 400 சதவீதம். அப்படி அடித்தால் மை காயாது, மேலே விழும் தாளின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 என்று குறைத்தால் 240தான். கருப்பின் ஆழம் குறையாது. ஆனால் இந்த முறை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தான் மாற்றினேன். “ராத்திரி வானம் மட்டும் கொஞ்சம் நீலமா இருக்கட்டும்ணா, பூதம் அதுல கரையக் கூடாது” என்றாள். வானத்துக்கு வேறு கருப்பு போட்டோம்.

இரண்டாம் பாகம் போன மாதம் வந்தது. 9ஆம் பக்கத்தில் ஒரு பலூனுக்குள் கடுகு மாதிரி ஒரு சொல், அவள் கையெழுத்தில். பூதம் பேசும் முதல் வார்த்தை. ஸ்கேன் 300 டிபிஐயில் இருந்தது. அந்தச் சின்ன அளவில், சொல்லில் வரும் க்-மேல் இருக்கும் புள்ளி அச்சில் நிற்காது. ஒரிஜினலை வாங்கி 1200 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்து, கருப்பு மை ஒன்றில் மட்டும் வைத்தேன். நாலு மையில் வைத்தால் தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் புள்ளி போய்விடும்.

மெஷினில் தாள் ஓட ஆரம்பித்ததும் போய் நின்றேன். இருபதாவது தாளை உருவி லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

“கேக்குதா?”

புள்ளி இருந்தது.