குழந்தைத் தொப்பிக்கு அளவு உச்சியில்தான்

குரோஷாவில் (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் முறை) குழந்தைத் தொப்பி போடும் பலர், விளிம்பு வரை போட்டு முடித்த பிறகுதான் அளவு பார்க்கிறார்கள். அப்போது பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்தால் முழுவதையும் பிரிப்பதைத் தவிர வழியில்லை. தொப்பியின் சுற்றளவு உச்சியில் போடும் வட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. தையலைக் கூட்டிக்கொண்டே போய் எந்தச் சுற்றில் நிறுத்துகிறோமோ, அதுதான் அளவு. அதற்குக் கீழே போடுவதெல்லாம் வெறும் உயரம். ஆகவே அளவு நாடா முதல் நான்கு ஐந்து சுற்றுகளில்தான் கையில் இருக்க வேண்டும்.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு பொதுவாக 33 முதல் 36 செ.மீ. வரை இருக்கும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 40, ஆறு மாதத்தில் 42 முதல் 44, ஒரு வயதில் 45 முதல் 47. நாடாவைப் புருவத்துக்கும் காதுக்கும் சற்று மேலாகப் பிடித்து, பின்மண்டை நன்றாகப் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். தொப்பி தலையின் அளவுக்கே இருந்தால் கண்ணில் வந்து விழும். தலையைவிட 2, 3 செ.மீ. குறைவாகப் போட்டால்தான் இழுத்துக்கொண்டு நிற்கும். பருத்தி நூலானால் இன்னும் ஒரு செ.மீ. குறைக்கலாம். அது ஒருமுறை விரிந்தால் துவைக்கும் வரை திரும்பிச் சுருங்காது.

நூல் என்று வந்தால் டி.கே. (டபுள் நிட்டிங்) எனப்படும் நடுத்தரத் தடிமன் போதும். உறையில் 8 பிளை அல்லது 3 என்ற எண் போட்டிருக்கும். வெயில் காலத்துக்குப் பருத்தி, குளிருக்கு மென்மையான அக்ரிலிக் அல்லது இயந்திரத்தில் துவைக்கக்கூடிய மெரினோ. நூலை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பதைவிடக் கழுத்தில் அல்லது தாடைக்குக் கீழே தேய்த்துப் பாருங்கள், குறுகுறுப்பு அங்கேதான் தெரியும். மொஹேர் போல ரோமம் பறக்கும் நூலும் ஜிகினா கலந்த நூலும் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். முன்னதன் இழை மூக்கிலும் வாயிலும் போகும், பின்னது நெற்றியைக் கீறும். பிறந்த குழந்தையின் தொப்பிக்கு ஏறக்குறைய 30 கிராம் பிடிக்கும். 50 கிராம் உருண்டை ஒன்று தாராளம்.

கீழே சொல்வது 4 மி.மீ. ஊசிக்கு, 10 செ.மீ.க்கு 16 தையல், 9 வரிசை வரும் கைக்கு. தையல் எல்லாம் அமெரிக்க முறையில் டபுள் குரோஷா, அதாவது ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு போடும் உயரமான தையல். பிரிட்டிஷ் குறிப்புகளில் இதே தையல் ட்ரெபிள் என்றிருக்கும். இந்த ஒன்றைக் கவனிக்காமல் போட்டால் தொப்பி பாதி உயரத்துக்குத்தான் வரும்.

மேஜிக் ரிங் (வால் நூலை இழுத்தால் மூடிக்கொள்ளும் வளையம்) போட்டு, 2 சங்கிலி ஏற்றி, வளையத்துக்குள் 12 டபுள் குரோஷா. வால் நூலை 15 செ.மீ.யாவது விட்டு வையுங்கள். வளையத்தை இழுத்து மூடி, முதல் டபுள் குரோஷாவின் தலையில் ஸ்லிப் ஸ்டிச் (உயரமில்லாத இணைப்புத் தையல்) போட்டு இணையுங்கள். அந்த 2 சங்கிலியைத் தையலாக எண்ண வேண்டாம். 3 சங்கிலி போட்டு அதை ஒரு தையலாக எண்ணும் வழக்கமும் உண்டு, ஆனால் அப்படிச் செய்தால் இணைப்பு ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை ஓட்டை வரிசையாகத் தெரியும். குழந்தைத் தொப்பி போலச் சிறிய பொருளில் அது கண்ணை உறுத்தும்.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு, மொத்தம் 24. மூன்றாவதில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாறி மாறி, 36. நான்காவதில் இரண்டு தையலில் ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு, 48.

இங்கே நிறுத்தி, வட்டத்தை மேசையில் வைத்து அளந்து பாருங்கள். குறுக்களவு 9 செ.மீ. இருக்க வேண்டும். தனியாக மாதிரிச் சதுரம் போடப் பொறுமை இல்லாதவர்களுக்கு இதுதான் மாதிரி. 8தான் வருகிறது என்றால் 4.5 ஊசிக்கு மாறுங்கள், 10 வந்தால் 3.5. பிரித்துவிட்டுத் தொடங்கத் தயங்க வேண்டாம், இதுவரை போனது நான்கு சிறிய சுற்றுகள் மட்டுமே.

வட்டம் தட்டையாக இல்லாமல் அலை அலையாக நெளிகிறதா? தையலைக் கூடுதலாகக் கூட்டிவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றும். எண்ணிக்கை சரியாக இருந்தும் நெளிந்தால் குற்றம் தையலின் உயரத்தில் இருக்கிறது. ஒரு சுற்று 1.1 செ.மீ. உயரம் இருந்தால் வட்டத்தின் சுற்றளவு சுமார் 7 செ.மீ. கூடும், அதில் 11, 12 தையல் உட்காரும். உயரம் 0.9 செ.மீ.யாகக் குட்டையானால் 9 தையலுக்குத்தான் இடம். நாம் 12 திணிக்கிறோம், அது நெளிகிறது. குட்டையாவதற்குக் காரணம் ஒரே ஒரு அசைவு. நூலைச் சுற்றி, ஊசியைத் தையலுக்குள் விட்டு, முதல் கண்ணியை வெளியே இழுக்கிறோமே, அதை எவ்வளவு உயர்த்துகிறோமோ அதுதான் தையலின் உயரம். கண்ணியை ஊசியோடு இறுக்கிப் பிடிப்பவர்களுக்குத் தையல் குள்ளமாகும். இழுத்த கையோடு சற்றே மேலே தூக்கிவிட்டு அடுத்த அசைவுக்குப் போனால் நெளிவு தானாக அடங்கும். வட்டம் கிண்ணம் போலக் குழிந்தால் இதற்கு நேர்மாறு: உயரம் அதிகம், அல்லது எங்கோ கூட்ட மறந்திருக்கிறோம்.

ஐந்தாம் சுற்றில்தான் அளவுகள் பிரிகின்றன. பிறந்த குழந்தைக்கு ஏழு தையலில் ஒவ்வொன்று, எட்டாவதில் இரண்டு, இதை ஆறு முறை போட்டால் 54. அதாவது சுமார் 33.5 செ.மீ. சுற்றளவு. மூன்றிலிருந்து ஆறு மாதம் என்றால் மூன்றில் ஒவ்வொன்று, நான்காவதில் இரண்டு என்று பன்னிரண்டு முறை போட்டு 60க்குப் போங்கள், 37.5 செ.மீ. வரும். அதற்கும் பெரிய குழந்தைக்கு அந்த 60க்குப் பிறகு ஆறாம் சுற்று ஒன்று: ஒன்பதில் ஒவ்வொன்று, பத்தாவதில் இரண்டு, 66 தையல், 41 செ.மீ. குறைமாதக் குழந்தைக்குப் போடுவதானால் நான்காம் சுற்றிலேயே 36லிருந்து 42க்கு மட்டும் கூட்டி (ஐந்தில் ஒவ்வொன்று, ஆறாவதில் இரண்டு) நிறுத்திவிடலாம், 26 செ.மீ. வரும். மருத்துவமனைக்குக் கொடுப்பதாக இருந்தால் எந்த அளவு, என்ன நூல் ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சந்தேகம் வந்தால் ஒரு கணக்கு: வேண்டிய சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் உச்சி வட்டத்தின் குறுக்களவு கிடைக்கும். நூல் எதுவானாலும், ஊசி எதுவானாலும், தையல் எண்ணிக்கையை மறந்துவிட்டு இந்தக் கணக்கை மட்டும் வைத்துத் தொப்பி போட்டுவிடலாம்.

இனி கூட்டாமல் நேராகப் போக வேண்டியதுதான். பிறந்த குழந்தைக்கு 6 சுற்று, அடுத்த அளவுக்கு 8, பெரியதற்கு 9. கடைசியில் இரண்டு சுற்று சிங்கிள் குரோஷா, அதாவது நூலைச் சுற்றாமல் போடும் குட்டைத் தையல். உச்சிப் புள்ளியிலிருந்து விளிம்பு வரை முறையே 13, 15, 17 செ.மீ. கிடைக்கும். காதை மூட வேண்டுமென்றால் ஒரு சுற்று கூட்டிக்கொள்ளுங்கள்.

நேர்ச் சுற்றுகளில்தான் எண்ணிக்கை வழுக்கும். ஸ்லிப் ஸ்டிச்சைத் தையல் என்று நினைத்து அதிலும் ஒன்று போட்டால் 54, 55 ஆகும், அடுத்த சுற்றில் 56. தொப்பி மணியைப் போல விரிந்துகொண்டே போகும். சங்கிலி புறப்படும் அதே தையலில் முதல் டபுள் குரோஷாவைப் போட மறந்தால் சுற்றுக்கு ஒன்று குறைந்து விளிம்பு சுருங்கும். முதல் டபுள் குரோஷாவின் தலையில் வேற்று நிற நூல் துண்டு ஒன்றைக் கோத்து வைத்தால் இரண்டும் நேராது. இணைப்புக்கோடு மெல்லச் சாய்ந்துகொண்டு போவது பிழை அல்ல, டபுள் குரோஷாவின் தலை அதன் காலுக்கு நேர் மேலே உட்காராது, அதனால் வருவது.

விளிம்பை இறுக்கிப் போடாதீர்கள். முடிந்ததும் இரண்டு கட்டைவிரலால் அகட்டிப் பாருங்கள், தலைச் சுற்றளவைத் தாண்டி 2 செ.மீ.யாவது விரிய வேண்டும். விரியாவிட்டால் கடைசி இரண்டு சுற்றை மட்டும் அரை எண் பெரிய ஊசியால் மறுபடி போடுங்கள். இல்லையென்றால் நெற்றியில் சிவப்புக் கோடு விழும்.

வால் நூலை ஒரே திசையில் செருகி வெட்டினால் இரண்டு மூன்று துவைப்பில் வெளியே வந்துவிடும். உச்சி வளையமோ வாய் திறந்துகொள்ளும். வளையத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று செருகி, திரும்பி எதிர்த்திசையில் இன்னொரு பாதிச் சுற்று செருகிய பிறகு வெட்டுங்கள். உள்பக்கம் முடிச்சு போட வேண்டாம், உச்சி மென்மையான இடம்.

நாடா, பொத்தான், மணி, முத்து எதையும் ஒரு வயதுக்குள் வைக்காமல் இருப்பதே சரி. நாடா கழுத்தில் சுற்றும், மற்றவை பிய்ந்தால் நேரே வாய்க்குப் போகும். அலங்காரம் வேண்டுமென்றால் நூலிலேயே பூ போட்டு, நடுவில் மட்டுமல்லாமல் இதழ் இதழாகத் தைத்துவிடுங்கள். இன்னொன்று, தொப்பியைப் பரிசாகக் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். குழந்தையின் உடல் சூட்டில் கணிசமான பங்கு தலை வழியாக வெளியேறுகிறது, அதை மூடினால் உடல் அளவுக்கு மீறிச் சூடாகலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்பு அறிவுரையில், பிறந்த முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் தொப்பியே வேண்டாம் என்கிறது.

கொடுக்கும் முன் வாசனையில்லாத மென்மையான சோப்பில் ஒருமுறை அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தலைகீழாகக் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீளும். அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, ஒருமுறை சூடு ஏறினால் இழை துவண்டுபோகும், பிறகு அந்த விளிம்பு எந்தத் தலையிலும் நிற்காது.