மீன்பிடித் தடைக்காலக் குறிப்புகள்

மே 24

வெறும் வயிற்றில் சர்க்கரை 212. கண் ஆபரேஷனுக்கு மதுரைக்கு இப்போதைக்குப் போக முடியாது.

மே 25

கம்ப்யூட்டரில் இருந்த எலக்ட்ரானிக் உதிரிபாக ஸ்டாக் பட்டியலைப் பிரிண்ட் போட்டேன். பொருள், மதிப்பு, எண்ணிக்கை, விலை, வாங்கிய வருஷம் எல்லாம் ஒரு தாளில் அடங்கிவிட்டன. எந்தப் பெட்டி என்கிற பத்தி மட்டும் பிய்ந்து அடுத்த தாளுக்குப் போய்விட்டது. ஏ3, ஏ3, பி1, சி4 என்று பக்கம் பூராவும் பெட்டி எண்கள். எதற்கு எந்தப் பெட்டி என்று யார் பொருத்துவது? விலையைத் தூக்கிவிட்டால் இடம் கிடைக்கும். வருஷம் இருந்தே ஆக வேண்டும். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் சும்மா கிடந்தாலே உள்ளே ஆக்சைடு படலம் மெலிந்துவிடும். பழசுக்கு எடுத்த எடுப்பில் முழு வோல்டேஜ் கொடுக்கக் கூடாது, ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இதெல்லாம் மருமகனுக்கு (அக்கா மகன்) தெரியாது.

ஏசி 128 டிரான்சிஸ்டர் தாளில் நாலு. டப்பாவில் மூணு.

மே 28

கச்சான் காத்து. ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கிறது, சாத்தினால் புழுக்கம். டிரான்சிஸ்டர் கால்களில் பச்சைக் களிம்பு. பாம்பனில் வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். உப்பு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாரைக் கேட்க?

மே 29

"கண்ணே தெரியல, இதுல கணக்கு என்ன வேண்டிக் கிடக்கு?" என்றாள் மனைவி. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஜூன் 1

அக்கா மகன் வந்தான். ரெசிஸ்டர்களைக் கொட்டி எண்ண வைத்தேன். மதிப்பைக் காட்டும் வண்ணக் கோடுகளில் ஊதாவும் (7) சாம்பலும் (8) எனக்கு ஒரே அழுக்காகத் தெரிகின்றன. அவனுக்கும் தடுமாற்றம்தான், "மாமா, இது ஏழா எட்டா?" என்றான். கண்ணே வேண்டாம் என்றேன். நான் வாங்கியதெல்லாம் பன்னிரண்டு மதிப்பு வரிசை: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. மஞ்சளில் (4) தொடங்கினால் 47 மட்டும்தான், அடுத்தது ஊதாவாகத்தான் இருக்கும். நீலத்தில் (6) தொடங்கினால் 68, அடுத்தது சாம்பல். பையன் நிமிர்ந்து பார்த்தான். எத்தனை பூஜ்யம் என்று சொல்லும் மூன்றாவது கோட்டுக்கு மட்டும் இந்தச் சூத்திரம் உதவாது, மீட்டர் வைத்துத்தான் பார்க்கணும்.

இந்தப் பன்னிரண்டையும் பட்டியலின் தலையிலேயே அச்சடிக்கணும்.

ஜூன் 4

பரணிலிருந்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை இறக்கினோம். இரட்டை அகலத்தில் போட்டால் எழுத்தை என்னாலும் படிக்க முடிகிறது. ஆனால் வரிக்கு 80 எழுத்து 40 ஆகிவிடும். அந்த 40க்குள் பெயர், மதிப்பு, எண்ணிக்கை, வருஷம், பெட்டி. மின்தடை அளவான ஓம் குறி (Ω) கேள்விக்குறியாக வருகிறது, எடுத்துவிட்டேன். ரிப்பன் மங்கல், 4.7ல் புள்ளி விழவில்லை என்றால் அது 47. அதனால் புள்ளி இடத்தில் ஆயிரத்துக்கான கே போட்டு எல்லாம் 4கே7, 2கே2 என்று மாற்றியாகிவிட்டது. கம்ப்யூட்டரை வரிசைப்படுத்தச் சொன்னால் 100க்குப் பிறகு 10கே, அதற்குப் பிறகு 1கே என்று எழுத்தைப் பார்த்து அடுக்குகிறது மடப்பயல். ஓமில் முழு எண்ணை ஒரு பத்தியில் போட்டு, அதை வைத்து அடுக்கி, அந்தப் பத்தியை அச்சில் மறைத்தேன். ராத்திரி பதினொன்று வரை கறகறவென்று ஓடியது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. எரியட்டும்.

ஜூன் 7

186.

ஜூன் 9

தடைக்காலம் முடிய இன்னும் சில நாள்தான். விசைப்படகுக்காரர் ஒருவர் கடல் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரைக் கொண்டுவந்தார். "அண்ணே, 15ஆம் தேதி கடலுக்குப் போகணும்." பவர் பக்கம் 7812 வோல்டேஜ் ரெகுலேட்டர் போயிருந்தது. மருமகன் தாளைப் பார்த்து ஏ3ஐத் திறந்து எடுத்துக் கொடுத்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஏனோ எரிச்சலாக இருந்தது. எடுத்ததும் எண்ணிக்கையை அடித்துத் திருத்தினாயா என்று கத்தினேன். திருத்தியிருந்தான்.

ஜூன் 10

அந்த நாலாவது ஏசி 128ஐ யாருக்காவது கொடுத்தேனா? ஜெர்மேனியம். பழைய ரேடியோவில் அதைக் கழற்றிவிட்டு சிலிக்கானைச் சும்மா மாட்டினால் பயாஸ், அதாவது டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கிற ஆரம்ப வோல்டேஜ், ஒத்துவராது. பாட்டு நசுங்கிக் கேட்கும்.

ஜூன் 12

148. மதுரையிலிருந்து போன். 16ஆம் தேதி வலது கண். பை கட்டுகிறாள்.

ஜூன் 13

சி பெட்டிகள் இன்னும் எண்ணவில்லை. மருமகன் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருக்கிறான். ரிப்பனுக்கு ராமநாதபுரம் போகணும், அதற்குள் கரண்ட்