பிள்ளை பார்ப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் கைகொடுப்பவர் தெரிந்த அன்ரி ஒருவர்தான். தமிழில் பேசுவார், சோறு குழைத்து ஊட்டுவார், கட்டணமும் குறைவு. அவருடைய அன்பில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பள்ளிகளையும் பிள்ளை பராமரிப்பையும் ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டில் பதிந்திருக்கிறாரா? பிள்ளையை விடும் முன் இதைக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் 8 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கூலிக்குத் தன் வீட்டில் வைத்து, நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் பார்ப்பவர் ஆஃப்ஸ்டெட்டிலோ, இப்படிப் பிள்ளை பார்ப்பவர்களைப் பதிந்துகொள்ளும் சைல்ட்மைண்டர் ஏஜென்சி ஒன்றிலோ பதிந்தாக வேண்டும். 2006ஆம் ஆண்டு சைல்ட்கேர் சட்டம் வைத்த விதி இது. கூலி என்றால் காசு மட்டுமில்லை. வாடகையில் கழித்துக்கொண்டாலும் கூலிதான். குடும்ப நண்பர் நாளுக்கு 3 மணி நேரத்துக்குள் பார்த்தால் பதியத் தேவையில்லை. உறவினருக்கும் விலக்கு உண்டு. நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், அவர்களை மணந்தவர்கள், பிள்ளையின் அண்ணன் அக்கா: சட்டத்துக்கு உறவு இவ்வளவுதான். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையைப் பிள்ளை வாய்நிறையச் சித்தி என்று கூப்பிடலாம். சட்டத்தின் கண்ணில் அவர் அயலார்.

பதிந்தவருக்கு உள்ள விதிகளில் உயிர்நாடி எண்ணிக்கைதான். ஒரே நேரத்தில் 8 வயதுக்குட்பட்டவர்கள் 6 பேர் வரை. அதில் 5 வயது நிறைந்து அடுத்த செப்டம்பர் 1 வராத சிறுசுகள் 3 பேருக்கு மேல் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்றே ஒன்று. உடன்பிறந்த குழந்தைகள் என்றால் சில தளர்வுகள் உண்டு. பார்ப்பவரின் சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

கணக்குப் பிசகுவது பள்ளி விடும் நேரத்தில். பகலில் சிறுசுகள் 3 பேர். பள்ளி விட்டதும் சொந்தப் பிள்ளைகள் 2 பேர், அடுத்த தெருப் பையன் ஒருவன். ஆறாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ, “அரை மணி நேரம்தான் அன்ரி” என்று இன்னொரு பிள்ளையை விட்டுப் போகிறார். மறுக்க மனம் வராது. அடுப்பில் பால் பொங்க, ஒருவன் மாடிப்படியில் ஏற, கைக்குழந்தை வீறிட, அன்ரிக்கு இருப்பது இரண்டு கைதான்.

அடுத்தது சாப்பாடு. பிள்ளை சாப்பிடும்போது கண்ணுக்கும் காதுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்று பெற்ற ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதி சொல்கிறது. அந்தச் சான்றுக்கு 12 மணி நேரப் பயிற்சி. 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மூச்சுக்குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால் பிள்ளையால் கத்த முடியாது, இருமவும் முடியாது. சமையலறையில் நின்று காதைக் கொடுத்தால் எதுவும் கேட்காது. திராட்சையைக் குறுக்கே வெட்டுவதும் பயனில்லை. வட்டம் வட்டமாகவே இருந்து தொண்டைக்குள் தக்கை மாதிரிப் பொருந்திவிடும். நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். முழு வேர்க்கடலை, முந்திரி 5 வயது வரை வேண்டாம். சுண்டல் என்றால் கடலையை நசுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

ஒவ்வாமை விவரத்தைப் பிள்ளை சேரும் முன்பே கேட்டு வாங்க வேண்டும். நம் சமையலில் கவனம் தப்புவது எள். பிரிட்டனில் உணவில் அறிவித்தாக வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் அதுவும் ஒன்று. நல்லெண்ணெய், இட்லிப்பொடி, எள்ளுருண்டை எல்லாம் எள்தான் என்பது பெற்றோருக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

கைக்குழந்தையை மல்லாக்கக் கிடத்த வேண்டும். தட்டையான, கெட்டியான மெத்தை, தலையணை இல்லாமல். கார் சீட்டிலேயே தூங்கவிட்டால் தலை முன்னால் சாய்ந்து மூச்சு தடைப்படலாம்.

மருந்துக்குப் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். கொடுத்த ஒவ்வொரு முறையும் எழுதிவைத்து அன்றே சொல்ல வேண்டும். வெறும் சடங்கு இல்லை இது. காலை 7 மணிக்கு அம்மா பாரசிட்டமால் கொடுத்துவிட்டு அவசரத்தில் சொல்லாமல் போகிறார். 9 மணிக்கு உடம்பு சுடுகிறதென்று அன்ரியும் கொடுக்கிறார். இரண்டு வேளைக்கிடையே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். வாசலிலேயே கேட்டு நேரத்தை எழுதிக்கொண்டால் இந்தத் தவறு நேராது.

அந்த வீட்டில் வசிக்கும் 16 வயது நிரம்பிய அனைவருக்கும் டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. கணவரும் மகனும் நினைவில் இருப்பார்கள். மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் பையனைத்தான் மறந்துவிடுவார்கள். பிள்ளையை அடிக்கக் கூடாது, அடிப்பேன் என்று மிரட்டவும் கூடாது. “குழப்படி செய்தால் ரெண்டு போடுங்கோ” என்று பெற்றோரே சொன்னாலும் செல்லாது.

கையில் காசாகக் கொடுப்பது மலிவு என்பதும் தப்புக்கணக்கு. டேக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் என்ற அரசுத் திட்டத்தின் கணக்கில் நீங்கள் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரை. தகுதியுள்ள வேலைபார்க்கும் பெற்றோருக்கு 9 மாதக் குழந்தையிலிருந்து வாரம் 30 மணி நேரம், பள்ளி நடக்கும் 38 வாரங்களுக்கு, அரசுச் செலவில் கிடைக்கும். இரண்டையும் பதிந்தவரிடம் மட்டுமே பயன்படுத்தலாம்.

சரிபார்ப்பது சுலபம். ஆஃப்ஸ்டெட் தளத்தில் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்பவரின் பெயரும் முகவரியும் இருக்காது. யூஆர்என் என்ற பதிவு எண்தான் இருக்கும். அந்த எண்ணை அவரிடமே கேட்டு வாங்கி, தளத்தில் போட்டு, கடைசி ஆய்வறிக்கையை முழுதாகப் படியுங்கள். பதிவுச் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். பதிந்தவர் தயங்காமல் எடுத்துக் காட்டுவார்.