வலம்புரிப் புதரின் பூவும் காயும்

வலம்புரி என்றதும் உலர்ந்து பழுப்பேறி, கயிறுபோல முறுக்கிக்கொண்ட காய்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்தக் காயைத் தாங்கும் புதரையும், காய்க்கு முன்பு மலரும் பூவையும் நின்று கவனித்தவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், இச்செடியின் பெரிய வியப்பு பூவில்தான் இருக்கிறது.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் ஹெலிக்டெரஸ் ஐசோரா என்று பெயரிட்ட இது, இந்தியத் துணைக்கண்டம் தொடங்கித் தென்சீனா, தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இலையுதிர் காடுகளிலும் புதர்க்காடுகளிலும் வளர்கிறது. பெரும்பாலும் ஆளுயரத்தைத் தாண்டிய புதராகவும், சில இடங்களில் சிறுமரமாகவும் நிற்கும். இலையின் அடிப்பகுதி ஒருபக்கம் சாய்ந்த இதய வடிவில் இருக்கும். விளிம்பில் பற்கள் உண்டு. மேற்பரப்பைத் தடவினால் விரலில் சொரசொரப்புத் தட்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், ஒரே புள்ளியிலிருந்து பல கிளைகளாகப் பிரியும் நுண்ணிய தூவிகளே அதற்குக் காரணம் என்பது தெரியவரும்.

முன்பு ஸ்டெர்குலியேசி என்ற தனிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இச்செடியை இப்போது பருத்தியும் வெண்டையும் அடங்கிய மால்வேசியில் சேர்த்திருக்கிறார்கள். அதிலும் இதன் துணைக்குடும்பத்தில் முள் போர்த்த பெரிய பழம் தரும் டுரியான் மரமும் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் மலைப்பைத் தரும் செய்தி.

பூவுக்கு வருவோம். இலைக்கோணங்களில் தோன்றும் பூக்கள் புதிதாக விரியும்போது செங்கல் சிவப்பாகவும், முதிர்ந்தபின் வெளிறிய நீலச் சாம்பல் நிறமாகவும் இருப்பதால், ஒரே கிளையில் இருவேறு செடிகளின் பூக்களைக் காண்பதாகவே தோன்றும். ஐந்து இதழ்களும் ஒரே அளவில் இல்லாமல் பின்னோக்கி வளைந்திருக்கும். அவற்றின் நடுவிலிருந்து நீண்ட, வளைந்த தண்டு ஒன்று வெளியே நீள்கிறது. பெரும்பாலான பூக்களில் அடியிலேயே ஒடுங்கியிருக்கும் சூற்பை (பின்னர் காயாகும் பெண் பகுதி), இங்கே அத்தண்டின் நுனிக்கு ஏறி, மகரந்தத்தாள்கள் சூழ இதழ்களுக்கு வெளியே நிற்கிறது. தேனோ புல்லிக்குழலின் (இதழ்களுக்கு வெளியே குழல்போல இணைந்த உறையின்) அடியில் இருக்கிறது. ஆகவே தேன்சிட்டு அலகை உள்ளே நுழைக்கும்போது, நீண்டு வளைந்த நுனி அதன் தலையில் படுகிறது. மகரந்தம் அங்கே ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. உணவு ஓரிடத்திலும் இனப்பெருக்க உறுப்புகள் வேறிடத்திலுமாக இத்தனை தள்ளி வைத்திருக்கும் அமைப்பை நம் காட்டுப் புதர்களில் அரிதாகவே காண முடியும்.

சூற்பையில் சூலிலைகள், அதாவது விதைகளைத் தாங்கும் பகுதிகள், ஐந்து. கருவுற்றபின் அவை நீண்டு வளர்ந்து, ஒன்றையொன்று சுற்றி, ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளக் காயாகின்றன. நாம் ஒரே காய் என்று கையில் எடுப்பது, உண்மையில் ஐந்து தனிக்காய்கள் சேர்ந்த முறுக்கு. பசுமையாக இருக்கும் வரை இழைகள் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். காய்ந்ததும் இடைவெளி விட்டு, உட்புற ஓரத்தில் பிளந்து, கோணலான சிறுவிதைகளை உதிர்க்கும். விதையின் மேலுறை கடினமானதால் நீர் எளிதில் உட்புகாது, முளைப்பும் தாமதமாகும்.

பட்டையில் வலுவான நார் உண்டு. வெட்டப்பட்டாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும் என்பதால், கலைந்த காடுகளிலும் இதைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம். கோடையில் இலையுதிர்ந்து நிற்கும்போது கிளையில் எஞ்சிய முறுக்குக் காய்களே போதும், வேறெந்தப் புதரோடும் குழப்பிக்கொள்ளாமல் இதை அடையாளம் காண.